அறுத்த பாவு

மாலை நாலு பத்து. இருட்டிவிட்டது.

ரயில் இரண்டு பேரை மட்டும் இறக்கிவிட்டுப் போனது. நடைமேடையில் ஒரே விளக்கு. அதைத் தாண்டினால் பாதை. பாதையின் இரண்டு பக்கமும் காடு. மலை கண்ணுக்குத் தெரியவில்லை... ஆனால் மேலே வானம் சீக்கிரமே முடிந்துபோயிருந்தது. கரி எரிகிற நாற்றம். காலடியில் பனி நறநறவென்றது.

“நாலு மணிக்கு இருட்டா?” என்றான் முனிசாமி. “உடறதுக்கும் ஒரு அளவு வேணாம்பா?”

“குளிர்காலத்துல அங்க அப்பிடித்தான்,” என்றார் கலியாணசுந்தரம். “கேக்கறதுன்னா கேளு. இல்லன்னா தூங்கு. தூங்கினா சிவராத்திரி பலன் போச்சு.”

முனிசாமி நிமிர்ந்து உட்கார்ந்தான்.

வருஷம் அறுபத்தெட்டு, மாசி மாசம். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் கலியாணசுந்தரத்தின் வீடு. நானும் முனிசாமியும் மாகறலிலிருந்து கோயிலுக்கு வந்தவர்கள். இரண்டாம் ஜாமப் பூஜை முடிந்திருந்தது. மூன்றாவதற்கு நேரம் இருந்தது. ஏழெட்டுப் பேர் கூடத்தில் போர்வைக்குள் ஒடுங்கி உட்கார்ந்திருந்தோம். கரண்டு இல்லை. ஒரு அரிக்கேன் எரிந்தது. கலியாணசுந்தரத்தின் மனைவி வடிவு சுக்குக் காப்பி கொண்டுவந்து வைத்தாள்.

பக்கத்து வீட்டுச் சுவர் வழியாக ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது.

தடக்... தடக்...

“இன்னிக்கிக்கூட எவன்பா தறியில குந்திக்கினு இருக்கான்?” என்றேன். சிவராத்திரியன்று அந்தத் தெருவில் யாரும் தறியைத் தொட மாட்டார்கள்.

வடிவு கணவனைப் பார்த்தாள். “வேற கதை சொல்லு,” என்றாள்.

“இதத்தான் சொல்லணும்,” என்றார் அவர். “என் கூட்டாளி வரதராஜனோட சித்தப்பாவுக்கு நடந்தது. கந்தன்னு பேரு. இந்தக் கூடத்த உட்டு வெளிய போகக் கூடாது.”

போகாது என்று எல்லோரும் சொன்னோம். நானும் சொன்னேன்.

அது ஹங்கேரி தேசம், போன வருஷத்துக் குளிர்காலம். ஊரின் பெயர் கடைசிவரை கந்தனின் வாயில் நுழையவில்லை. மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஊர். ஒரு இரும்பு வார்ப்பாலை, ஒரு துணி மில், ஆறு புகைபோக்கிகள். மற்றதெல்லாம் காடு. அரசாங்கம் கந்தனையும் இன்னொருவனையும் பொருட்காட்சிக்கு அனுப்பியிருந்தது. அது முடிந்ததும் இந்த மில்லில் இருபத்து நாலு நாள் நெய்துகாட்டச் சொன்னார்கள். மரத்தறியைப் பிரித்துப் பெட்டியில் கொண்டுபோயிருந்தார்கள்.

இரண்டு பேர் போனதற்குக் காரணம் கோர்வை. சேலையின் உடம்புக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம். குறுக்கிழையைக் கொண்டுபோகிற நாடாவும் வேறு வேறு. தறியில் ஒருவர் உட்கார வேண்டும். இடது பக்கம் நின்று கரை நாடாவை எறிய இன்னொருவர் வேண்டும். உட்காருகிறவர் கந்தன். நிற்கிறவன் அவருடைய மனைவியின் தம்பி குமாரவேல். வயது இருபத்து நாலு. எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவன், இங்கிலீஷ் பேசுவான். குழந்தை பிறந்து நாற்பது நாள் ஆகியிருந்தது.

சென்ட்ரலில் வண்டி நகர்ந்தபோது குமாரவேலின் மனைவி கமலவேணி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாள். புருஷனைப் பார்க்கவில்லை. கந்தனைப் பார்த்தாள்.

“உங்க கையில குடுத்திருக்கேன், அண்ணா. எப்பிடிக் குடுத்தனோ அப்பிடியே கொண்டாந்து குடுங்க.”

“பட்டு நூல சாயத்துக்குக் குடுக்கிற மாதிரி சொல்றா பாரு,” என்றான் குமாரவேல்.

“கொண்டாரேன்மா,” என்றார் கந்தன்.

மில்லில் இவர்களுடைய தறியைப் போட்ட மூலையில் ஒரு மெஷின் தறி நின்றது. மற்ற மெஷின்களுக்கெல்லாம் மேலே பெல்ட் ஓடியது. இதற்கு இல்லை. அதைச் சுற்றிப் பத்தடிக்குள் யாரும் வருவதில்லை. தரையில் தூசு. தூசில் ஒரு காலடிகூட இல்லை.

அந்தத் தறியில் ஒரு முழம் பழுப்புத் துணி நெய்தபடி நின்றிருந்தது. அதற்கு மேல் நீளவாட்டு இழைகள், பாவு... நடுவில் ஒரே வெட்டு. கத்தரிக்கோலின் வெட்டு. ஆயிரத்து அறுநூற்று நாற்பது பருத்தி இழை. இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி, அவிழ்ந்த தலைமயிர் மாதிரி தொங்கியது.

கந்தனால் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியவில்லை. அறுந்த இழை கண்ணில் பட்டால் அவருடைய விரல் தானாகப் போய் முறுக்கும். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரின் வேட்டியில் நூல் தொங்கினால், அதை முறுக்கி முடித்துவிட்டுத்தான் சோற்றில் கை வைப்பார்.

“எவனோ அரகொறையா உட்டுட்டுப் போயிருக்கான் மச்சான். பாவமா இருக்குது.”

“பாவு அவனுங்களது. பாவம் உனக்கா மாமா?”

பாவு பிணைக்க, முனையோடு முனை முறுக்கிச் சேர்க்க, சாம்பல் வேண்டும். தொட்டுக்கொண்டால் விரல் வழுக்காது. கந்தனிடம் ஒரு பொட்டலம் திருநீறு இருந்தது. ஏகாம்பரநாதர் கோயிலில் வாங்கியது. அதைப் பிரித்து வைத்துக்கொண்டார்.

“மாமா, சாமி துண்ணூறு அது.”

“சாம்பல்தான. சாமி ஒண்ணும் கோச்சிக்காது.”

மத்தியான இடைவேளையில் இருநூறு இழை பிணைத்தார்.

மறுநாள் கிழவி பார்த்துவிட்டாள். மரிஷ்கா என்று பெயர். காலி நூல்கட்டைகளைப் பொறுக்குகிறவள். நீலத் தலைத்துணி. கூடையை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தாள். பத்தடிக்கு வெளியே நின்றாள். மெஷினைக் காட்டினாள். கந்தனின் கையைக் காட்டினாள்.

“நெ! நெ!”

கந்தனின் முகம் மலர்ந்துவிட்டது. “கேட்டியா மச்சான்? நெய்... நெய்ன்றா!”

“அவளுக்கு எப்பிடி மாமா தமிழு தெரியும்? திட்டறா போல இருக்குது.”

“திட்டறவ அழுவாளா? அவ வூட்டு ஆளு தறியோ இன்னாவோ. ஓடப் போவுதேன்னு அழுவுறா.”

துபாஷியைக் கேட்கலாம் என்றான் குமாரவேல். லாஸ்லோ என்று ஒருவன் வாரத்தில் மூன்று நாள் வருவான். இங்கிலீஷ் தெரிந்தவன்.

“கேட்டா நிறுத்துன்னுவானுங்க,” என்றார் கந்தன். “முடிச்சிட்டுக் காட்டலாம்.”

கேட்கவில்லை.

அடுத்த நாள் காலை குமாரவேல் சட்டையைக் கழற்றினான். இடது தோளில் ஒரு தடம். நீலம். கையளவு அகலம். விளிம்பு நேராக இருந்தது... கட்டையால் அடித்ததுபோல.

“எங்க இடிச்சிக்கின?”

“தெரியில மாமா. தூங்கிக்கினு இருந்தேன்.”

அன்று இருநூறு இழை.

அடுத்த நாள் மேலுதடு கிழிந்திருந்தது. ரத்தம் காய்ந்து தலையணையோடு ஒட்டியிருந்தது. வெந்நீர் ஊற்றித்தான் பிரிக்க முடிந்தது. அன்றும் இருநூறு இழை. அதற்கடுத்த நாள் வலது கை நடுவிரலில் நகம் இல்லை. படுக்கையை உதறினார்கள். கட்டிலுக்கு அடியில் தேடினார்கள். நகம் கிடைக்கவில்லை.

விடுதியில் வார்ப்பாலைக்காரர்களும் தங்கியிருந்தார்கள். பக்கத்துக் கட்டிலில் ஒரு முரடன். கன்னத்தில் தீக்காயம். இரவில் குடித்துவிட்டு வருவான். இவன்தான் என்று கந்தன் முடிவு கட்டிவிட்டார். அன்று அவன் கதவைத் திறந்ததும், கணப்பு கிளறுகிற இரும்புக் கம்பியை எடுத்து நெற்றியில் அடித்தார். எலும்பில் பட்ட சத்தம் கேட்டது. அடுத்த அடி காதில். மூன்றாவதற்கு ஓங்கியபோது குமாரவேல் கையைப் பிடித்துக்கொண்டான்.

அந்த ஆள் திருப்பி அடிக்கவில்லை. கண்ணில் ரத்தம் வழிய, குமாரவேலின் உதட்டைப் பார்த்தான். சட்டையை விலக்கித் தோளைப் பார்த்தான். அந்தத் தடத்தின் மேல் தன் உள்ளங்கையை வைத்து அளந்தான். பிறகு சிலுவை போட்டுக்கொண்டான். பெட்டியை எடுத்தான். பனியில் இறங்கிப் போனவன் திரும்பி வரவில்லை.

“அப்பவாவது உட்டுருக்கலாம்ல அந்த ஆளு?” என்றான் முனிசாமி.

“பாவு பிணைக்கிறவன் பாதியில எழுந்திருப்பானாபா?” என்றார் கலியாணசுந்தரம். “அதுவுமில்லாம, அடிச்சவன் போயிட்டான்னு நெனச்சிக்கினாரு.”

சுவருக்கு அப்பால்... தடக். தடக்.

கிழவி பிறகு கத்தவில்லை. தினமும் மத்தியானம் வந்து பத்தடிக்கு வெளியே நிற்பாள். வாய்க்குள்ளேயே சொல்வாள். நெ... நெ... கந்தன் தலையாட்டிக்கொண்டே பிணைப்பார்.

ஒன்பதாவது தடவை உட்கார்ந்தது ஒரு ஞாயிறு. மில்லுக்கு லீவு. பாக்கி நாற்பது இழைதான். குமாரவேலுக்கு அன்று விடியற்காலை இடது விலாவில் இரண்டு எலும்பு உடைந்திருந்தது. டாக்டர் கட்டுப் போட்டார். மூச்சு விட்டால் உள்ளே காற்று கசிகிற மாதிரி ஒரு சத்தம்.

“மாமா. ஊருக்குப் போயிடலாம்.”

“போலாம். லாஸ்லோகிட்ட சொல்லியாச்சு. புதங்கிழம ரயிலு.” கந்தன் போர்வையை இழுத்துவிட்டார். “ஒரு மணி நேரம். முடிச்சிட்டு வந்துடறேன். உள்ள தாப்பாப் போட்டுக்கோ. எவன் தட்டினாலும் திறக்காத.”

“அந்தத் தறி உனுக்கு இன்னா மாமா பண்ணுச்சு?”

கந்தன் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தார். தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டபிறகுதான் படி இறங்கினார்.

விடுதிக்கும் மில்லுக்கும் நடுவில் அரை மைல் காட்டுப் பாதை. மூன்று மணிக்கே மங்கல். பனியில் அவருடைய காலடி மட்டும். காவல்காரன் தெரிந்தவன், திறந்துவிட்டான். உள்ளே நூறு தறி நின்றிருந்தது. எண்ணெய் நாற்றம். வேறு ஒரு நாற்றமும் இருந்தது... கசாப்புக் கடையைக் கழுவிவிட்ட பிறகு வருமே, அது.

முப்பத்தொன்பது இழை பிணைத்தார். சுவர்க்கடிகாரத்தில் நாலு பத்து. கடைசி இழையை முறுக்கினார். அது வெதுவெதுப்பாக இருந்தது. விரலைப் பார்த்தார். திருநீறு சிவந்திருந்தது.

மேலே பெல்ட் இல்லை. தறி ஓடியது.

தடக்.

தறிக்குள்ளிருந்து ஒரு ஆண் குரல். “நெ!”

தடக். “நெ!”

மூன்றாவது அடிக்கு அந்தக் குரல் குமாரவேலின் குரலாக இருந்தது.

கந்தன் பாவுக்குள் இரண்டு கைகளையும் விட்டு இழுத்தார். இழை அறுபடவில்லை. உள்ளங்கை எலும்புவரை அறுந்தது. தடக். துணி ஒரு விரல்கடை ஏறியது. தடக். ஏறிய துணியில் வெள்ளையாக என்னவோ நெய்யப்பட்டிருந்தது. நகம். தடக். ஒவ்வொரு அடிக்கும் குரல் சின்னதாகிக்கொண்டே போனது. சில அடிகளுக்குப் பிறகு சொல் இல்லை. ஈரமான சத்தம் மட்டும்.

கிழவி ஓடி வந்தாள். கையில் பெரிய கத்தரிக்கோல். ஒரே வெட்டு. தறி நின்றது.

பிறகு அவள் கத்தரிக்கோலின் பிடியால் கந்தனின் முகத்தில் அடித்தாள். வாயில். மூக்கில். மறுபடி வாயில். அவர் தடுக்கவில்லை. இரண்டு பல் கீழே விழுந்தபிறகுதான் அவருக்கு விடுதி நினைவுக்கு வந்தது. ஓடினார்.

கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டபடி இருந்தது. விடுதிக்காரியும் இரண்டு ஆட்களும் கடப்பாரையால் பெயர்த்தார்கள். ஜன்னலும் உள்ளே சாத்தியிருந்தது. கண்ணாடியில் படிந்த பனி கலையவே இல்லை.

குமாரவேல் கட்டிலின் இடது பக்கம் தரையில் கிடந்தான். இரண்டு கைகளும் மணிக்கட்டு வரை கூழாகியிருந்தன. சுவரில் ஆள் உயரத்துக்கு ரத்தம். முகம்...

கலியாணசுந்தரம் நிறுத்தினார். “முகத்தப் பத்தி கந்தன் சொல்லல,” என்றார்.

பதின்மூன்று அடி என்று டாக்டர் எழுதினார்.

போலீஸ் இரண்டு நாள் விசாரித்தது. கதவு உள்ளே தாழ்ப்பாள். மில் காவல்காரனின் சாட்சி. விட்டுவிட்டார்கள்.

லாஸ்லோ வந்தான். கந்தனுக்கு இங்கிலீஷ் நாலைந்து சொல்தான் தெரியும். அவன் கையால் காட்டிக் காட்டிச் சொன்னான். கிழவியைக் காட்டி, “சன்” என்றான். பத்து விரலை விரித்தான். பிறகு மூன்று விரல். “மென்.” கட்டையை ஓங்குவதுபோலக் கையை ஓங்கினான். மிச்சத்தைத் தாளில் படம் போட்டுக் காட்டினான். பத்து வருஷத்துக்கு முன்னால் ஊரில் ஒரு கலகம். யாரையோ காட்டிக்கொடுத்தான் என்று கிழவியின் மகனைக் கூட வேலை செய்தவர்களே அடித்தார்கள். ஆளுக்கு ஒரு அடி. அந்தத் தறியின் மேலேயே போட்டு. அவன் செத்தபிறகும் தறி நிற்கவில்லை. பெல்ட்டைக் கழற்றினார்கள். அப்போதும் நிற்கவில்லை. தாய் வந்து பாவை வெட்டினாள். நின்றது.

விடுதிக்காரி இடையில் என்னவோ சொன்னாள். லாஸ்லோ தயங்கினான். குமாரவேலுக்குத் தங்கள் பாஷை எப்படித் தெரியும் என்று கேட்டான். தெரியாது என்று கந்தன் தலையை ஆட்டினார்.

கதவுக்குப் பின்னாலிருந்து கத்தினானாம். அந்த ஊர் பாஷையில். நெ, நெ என்று.

“நெ?” என்றார் கந்தன்.

“நெ... டோன்ட். நோ. நெ.” லாஸ்லோ இரண்டு கைகளையும் முகத்துக்கு முன்னால் விரித்துக் காட்டினான். அடி வாங்குகிறவன் விரிக்கிற மாதிரி.

குமாரவேலை அங்கேயே, காட்டோரம் புதைத்தார்கள். கந்தன் ஊருக்கு வந்தார். ஜன்னி கண்டு செத்துப்போனான் என்றார். வாயில் பல் இல்லாததற்குப் பனியில் வழுக்கி விழுந்தேன் என்றார். கமலவேணி மார்பில் அடித்துக்கொள்ளவில்லை. ஒன்றுதான் கேட்டாள்.

“கடைசியா இன்னா சொன்னாரு, அண்ணா?”

“ஒண்ணும் சொல்லலம்மா. தூக்கத்துலயே போயிட்டான்.”

தறிப் பெட்டி கப்பலில் வந்தது. சண்டையில் கடல் கால்வாயை மூடிவிட்டதால் கப்பல் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு ஐப்பசியில்தான் வந்து சேர்ந்தது. கந்தன் அதை விறகுக்குப் போடச் சொன்னார். கமலவேணி கேட்கவில்லை. புருஷன் நின்ற தறி என்றாள். தன் வீட்டில் போட்டாள். தறியில் மிச்சமிருந்த பழைய பாவோடு, வழக்கப்படி, புதுப் பாவைப் பிணைத்தாள். தைப்பூசத்தன்று உட்கார்ந்தாள்.

கலியாணசுந்தரம் காப்பியை எடுத்தார். குடிக்காமல் கீழே வைத்தார்.

“எல்லாத்தியும் சொல்லு,” என்றாள் வடிவு. “ஆரம்பிச்சிட்ட இல்ல.”

வடிவே சொன்னாள்.

“போன வாரம் தண்ணி எடுக்க வந்தா. ரவிக்கைக்குக் கீழ நீலமா ஒரு தடம். தறியில இடிச்சிக்கினேன்னா. முந்தாநாளு உதடு கிழிஞ்சிருந்துச்சு. உள்ள போய் தறியப் பாத்தேன். அரக்குப் பட்டுப் பாவு. நடுவுல ஒரே ஒரு இழை பழுப்பு. பட்டு இல்ல, பருத்தி. இது ஏதுடின்னேன். பெட்டியிலயே இருந்துச்சுக்கா, அறுக்க மனசு வரலன்னா.”

“யாரு?” என்றான் முனிசாமி. “யாரு தண்ணி எடுக்க வந்தது?”

வடிவு சுவரைக் காட்டினாள்.

தடக்... தடக்...

“நல்லாக் கேளுங்க,” என்றாள். “கோர்வை.”

கேட்டோம். வலது பக்கமிருந்து ஒரு நாடா ஓடியது. இடது பக்கமிருந்து ஒரு நாடா ஓடியது. பிறகு இழையை நெருக்குகிற பலகை அடித்தது. மறுபடி வலது. மறுபடி இடது.

“கூட நிக்கறது யாருக்கா?” என்றேன்.

“யாரும் நிக்கல. கொழந்தகூட இங்கதான் தூங்குது.”

அப்போதுதான் பார்த்தேன். கூடத்து மூலையில் ஒரு தூளி. அதுவரை அது வடிவின் குழந்தை என்று நினைத்திருந்தேன்.

“அந்தக் கந்தன் எங்கபா?” என்றான் முனிசாமி.

“அங்கதான் இருக்காரு,” என்றார் கலியாணசுந்தரம். “சாயங்காலம் என்னாண்ட வந்து அழுதாரு. இன்னிக்கி எல்லாத்தியும் சொல்லிடறேன், அந்த இழைய அறுத்துட்டு வந்துடறேன்னாரு. விளக்கு வெக்கிற நேரத்துல உள்ள போனாரு.”

மணி ஒன்றரை.

“சொல்லலியா இன்னும்?”

“தூக்கத்துலயே போயிட்டான்னு சொன்ன வாயால எப்பிடிச் சொல்லுவாரு?”

தறி நின்றது.

நடுவில் இருந்தது ஒற்றைச் செங்கல் சுவர். அந்தப் பக்கம் கண்ணாடி வளையல் ஒன்று மரத்தில் பட்டது. பிறகு கமலவேணியின் குரல். உதடு கிழிந்தவள் பேசுகிற மாதிரி கொஞ்சம் குழறியது. ஆனால் அழுகிற குரல் இல்லை. சந்தோஷமான குரல்.

“அவர் குரலு எனக்குத் தெரியாதா, அண்ணா? நெய்... நெய்னுதான சொல்றாரு?”